பழைய கைக்கடிகாரம் வாங்கும் முன்...

இன்றைய உரையின் பொருள் பழைய கைக்கடிகாரங்கள். கைத்தொலைபேசியை எடுத்தால் நொடி பிசகாமல் மணி தெரியும் காலத்தில், தினமும் சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய ஒரு பொருளைத் தேடி அலைவது எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அண்மைய ஆண்டுகளில் நம் இளைஞர்கள் பலரும் இந்தத் தேடலில் இறங்கியிருக்கிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்குத் தாத்தா கட்டியிருந்த கடிகாரத்தைப் போல் ஒன்று வேண்டும் என்ற ஆசை. இன்னும் சிலருக்கு இன்று வாங்கி நாளை கூடுதல் விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு. நோக்கம் எதுவானாலும் ஒன்று பொது. தெரியாமல் இறங்குகிறவரின் பணம்தான் முதலில் போகிறது. வாங்குபவர்கள் பெருகினால் வியாபாரமும் பெருகும். வியாபாரம் பெருகினால் போலியும் கூடவே வரும். ஆகவே, புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

நேரம் யார் கையில் இருந்தது?

தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போவுக்கு வடகிழக்கே இரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர். 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையால் நாடு முழுவதும் பெயர் தெரிந்த ஊர். இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான். சுற்று வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. இரயில், மருத்துவமனை, தோட்டம், சுரங்கம் ஆகிய நான்குமே மணிக்கணக்கில் நடப்பவை. மருத்துவமனையில் வேலை முறை மாறும் நேரம் உண்டு. இரயில் வந்து போகும் நேரம் உண்டு. தோட்டத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டு உண்டு.

பால்மரம் வெட்டும் வேலைக்கும் கடிகாரத்திற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற அந்த ஓட்டம் குறைந்துவிடும். எனவே இருட்டிலேயே எழுந்து நிரைக்குப் போக வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்த நேரத்தை அறிவித்தது பெரும்பாலும் தோட்டத்து மணியோசைதான். நேரம் நிர்வாகத்தின் கையில் இருந்தது, தொழிலாளியின் கையில் இல்லை. அப்படிப்பட்ட சூழலில் ஒருவர் சொந்தமாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றால், அது வெறும் அலங்காரம் அல்ல. தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை அது. திருமணச் சீரிலும் பரிசிலும் கைக்கடிகாரம் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுகூரலாம். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அன்றைய இரவு தீபகற்பத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்கள் முப்பது நிமிடம் முன்னே திருகப்பட்டன. அதற்கு முன்பு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தையே காட்டின. ஒரு பழைய கடிகாரம் இப்படிப்பட்ட வரலாற்றையும் தாங்கி நிற்கிறது. சேகரிப்பவர்கள் பழையதை மதிப்பது வெறும் ஆசையால் மட்டும் அல்ல.

மூன்று வகை, ஒரு திருப்பம்

கடிகாரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சாவி கொடுத்து ஓடுவது. உள்ளே இருக்கும் சுருள்வில்லை விரலால் முறுக்கி வைத்தால் அது மெல்ல அவிழ்ந்து சக்கரங்களை இயக்கும். இரண்டாவது, ஆட்டோமெடிக். கை அசையும்போது உள்ளே ஒரு பளு சுழன்று அதே சுருள்வில்லைத் தானே முறுக்கும். மூன்றாவது, பேட்டரியால் ஓடும் குவார்ட்ஸ்.

1969 டிசம்பர் 25-ஆம் தேதி ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அந்தக் காலத்தில் ஒரு சிறிய காரின் விலைக்கு ஒப்பானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிவானது, துல்லியத்தில் பழைய முறையை எளிதாக வென்றது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த கடிகாரத் தொழில், 1980-களின் நடுப்பகுதிக்குள் அதில் பாதிக்கும் குறைவான தொழிலாளர்களோடு சுருங்கியது. எத்தனையோ பழைய பெயர்கள் மறைந்தன. இன்று பழைய கடிகாரம் என்று சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்துக்கு முன்னும் அதை ஒட்டியும் செய்யப்பட்ட, சாவி கொடுக்கும் கடிகாரங்களையும் ஆட்டோமெடிக் கடிகாரங்களையும்தான்.

நம் வட்டாரத்தில் கிடைப்பவை

புதியவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே ரோலெக்ஸ், ஒமேகா என்று தொடங்கத் தேவையில்லை. பெரிய பெயர்களில்தான் போலியும் ஒட்டுவேலையும் அதிகம். தவறினால் இழப்பும் அதிகம்.

நம் நாட்டுப் பழைய வீடுகளில் கிடைப்பவற்றில் ஜப்பானியக் கடிகாரங்களுக்குத் தனி இடம் உண்டு. சைக்கோ, சிட்டிசன், ஓரியன்ட் ஆகிய மூன்றும் உழைப்பாளிகளின் கடிகாரங்கள் எனலாம். 1963-இல் அறிமுகமான சைக்கோ 5 இவற்றில் மிகவும் பெயர்பெற்றது. தானே முறுக்கிக்கொள்ளும் இயக்கம், கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரிவது, நீர் புகாத அமைப்பு, துருத்திக்கொண்டு நிற்காமல் நான்கு மணிப் பக்கம் அமைந்த திருகு, உறுதியான கூடும் செயினும் என ஐந்து சிறப்புகளைக் குறிப்பதே அந்த '5'. ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் கிடைக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். புதியவர் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பாடநூல் இல்லை.

சுவிஸ் கடிகாரங்களில் டிட்டோனி, டைட்டஸ், எனிகார், ரோமர் போன்ற பெயர்கள் தென்கிழக்காசியாவில் நன்கு அறிமுகமானவை. 1919-இல் கிரெங்கன் நகரில் தொடங்கிய டிட்டோனியின் சின்னம் ஒரு பூ. சீனர்கள் அதை 'மெய்ஹுவா' என்று பூவின் பெயராலேயே அழைப்பார்கள். எனிகார் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால், அதைத் தொடங்கிய குடும்பத்தின் பெயரான 'ராசின்' கிடைக்கும்.

தமிழ்நாட்டு உறவுகள் வழியாக எச்.எம்.டி. கடிகாரங்களும் இங்கே சில வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் என்ற பெயர்கள் இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே அறிமுகமானவை. பேட்டரிக் கடிகாரங்களின் போட்டியில் பின்தங்கிய அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் இந்திய அரசு முடிவு செய்தது. மூடிய பிறகு அதன் மவுசு கூடியது. மவுசு கூடியதும் பிரச்சினையும் தொடங்கியது.

டயல்தான் முகம்

பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு அதன் டயலைச் சேர்ந்தது. மணி எண்களும் நிறுவனப் பெயரும் அச்சிட்ட அந்த வட்டத் தகடுதான் கடிகாரத்தின் முகம். சக்கரத்தை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம், வாரை மாற்றலாம். டயலை மாற்றிவிட்டால் அது வேறு கடிகாரம்.

சேகரிப்பவர்களிடையே 'மும்பைக் கடிகாரம்' என்றொரு பேச்சு உண்டு. பழைய எச்.எம்.டி., சைக்கோ 5, சிட்டிசன், ஃபாவர் லூபா போன்றவற்றின் கூட்டைத் தேய்த்து மெருகேற்றி, பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் பளிச்சென்ற நிறத்தில் புதிதாக வண்ணம் அடித்து, அசல் போல் இணையத்தில் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கத்தையே அது குறிக்கிறது. அந்த நிறுவனம் ஒருபோதும் செய்யாத நிறங்கள், செய்யாத படங்கள், இராணுவச் சின்னங்கள் எல்லாம் அவற்றில் இருக்கும். கடிகாரம் ஓடும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் சேகரிப்புப் பொருளாக அதற்கு மதிப்பு கிடையாது. எல்லா ஊர் வியாபாரிகளும் அப்படி அல்ல, மும்பையிலும் நேர்மையான கடிகாரக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுவண்ணம் அடித்த டயலைக் கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். எழுத்துகள் தடித்தும் விளிம்பு கலங்கியும் இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக அமையாது. தேதிச் சன்னலின் ஓரத்தில் வண்ணம் வழிந்திருக்கும். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, தயாரித்த நாட்டின் பெயரோ சிறிய குறியீட்டு எண்ணோ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். கூடும் கண்ணாடியும் அறுபது ஆண்டு அடிபட்டிருக்க, டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல் இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

அதே சமயம் தவறான சந்தேகமும் கூடாது. சைக்கோ 5 ஒன்றின் கிழமைச் சன்னலில் ஆங்கிலத்தோடு சீன எழுத்தோ அரபு எழுத்தோ தெரிந்தால், அது போலியின் அடையாளம் அல்ல. எந்த நாட்டுச் சந்தைக்காக அது செய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். அதுபோலவே, வயதால் மஞ்சள் படிந்த டயலைச் சுத்தம் செய்கிறேன் என்று துடைத்துவிடக் கூடாது. அந்த வயதுக்காகத்தான் வாங்குபவர் பணம் தருகிறார்.

டயலும் வரலாறும் எவ்வளவு பெறும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போனது. அது தங்கமும் அல்ல, வைரம் பதித்ததும் அல்ல, எஃகுக் கடிகாரம்தான். அரிய டயலும், அது அவருடையதுதான் என்பதற்கு இருந்த சான்றும் அந்த விலையைக் கொண்டுவந்தன.

மூடியின் எண்கள் பேசும்

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்மூடி. அதில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றிலிருந்து தப்பலாம்.

சைக்கோவை எடுத்துக்கொள்வோம். பின்மூடியில் நான்கு எண், ஒரு கோடு, மீண்டும் நான்கு எண் என்ற அமைப்பில் ஒரு குறியீடு இருக்கும். முதல் நான்கும் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண், அடுத்த நான்கு கூட்டின் எண். இவை தவிர வரிசை எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் காட்டும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9 வரையுள்ள எண்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துக்குறி வரும்.

6119 என்ற இயந்திரம் கொண்ட ஒரு சைக்கோ 5-இன் வரிசை எண் 2-இல் தொடங்கி அடுத்த இலக்கம் 8 என்று இருந்தால், அது ஏதோ ஒரு பத்தாண்டின் இரண்டாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். எந்தப் பத்தாண்டு? 6119 இயந்திரம் 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் செய்யப்பட்டது. ஆகவே அது 1972 ஆகஸ்ட். இப்படி இயந்திர எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்துதான் விடை தரும். ஒன்றை மட்டும் பார்த்தால் பத்தாண்டு தவறிவிடும்.

டயலின் அடியில் உள்ள சிறு குறியீடும் அதே இயந்திர எண்ணில் தொடங்க வேண்டும். பின்மூடி 6119 என்றும் டயல் 7009 என்றும் சொன்னால், இரண்டு கடிகாரங்களை உடைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். இப்படிப்பட்ட ஒட்டுக் கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் 'ஃபிராங்கன்' என்பார்கள், கதையில் வரும் டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உருவத்தை நினைவுபடுத்தும் பெயர். அணிந்துகொள்ள அது பயன்படலாம். ஆனால் அசல் விலை கொடுக்கக் கூடாது.

பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று எழுதியிருப்பதைக் கண்டு கடிகாரம் முழுவதும் எஃகு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சொல் பின்மூடியை மட்டுமே குறிக்கும். மேல்கூடு பித்தளையில் குரோம் பூசியதாகவோ தங்க முலாம் பூசியதாகவோ இருக்கலாம். வார் மாட்டும் கொம்புகளின் ஓரத்தில் முலாம் தேய்ந்து செம்மஞ்சளாகப் பித்தளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வேர்வை அதிகம் படும் நம் நாட்டில் முலாம் தேய்வது அங்கேதான் முதலில் தெரியும். '20 மைக்ரான்' என்று எழுதியிருந்தால் அது முலாமின் தடிமன், தங்கக் கடிகாரம் என்று பொருள் அல்ல.

வாங்கும் இடத்தில் ஐந்து நிமிடம்

விலை பேசும் முன் ஐந்து நிமிடம் கடிகாரத்தைக் கையில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு இடம் தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் காதில் வைத்துக் கேட்க வேண்டும். டிக் டிக் ஒலி சீராக வர வேண்டும். நொண்டி நடப்பது போல் ஏற்றத் தாழ்வோடு ஒலித்தால் உள்ளே பழுது இருக்கிறது. பல பழைய கடிகாரங்கள் நொடிக்கு ஐந்து முறை ஒலிப்பவை. அப்படியானால் ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஐம்பது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்த ஓர் இயந்திரத்திடம் குவார்ட்ஸின் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே ஓடினால் அது குறை அல்ல. நாளுக்குப் பல நிமிடம் ஓடினால் எண்ணெய் வறண்டிருக்கலாம், அல்லது காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் ஏறியதைக் கடிகாரக்காரர் சிறு கருவி ஒன்றால் நொடியில் நீக்கிவிடுவார்.

அடுத்து, கடிகாரத்தை முகம் மேலாக, முகம் கீழாக, திருகு கீழாக என்று மாற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் ஓடி மற்றொரு நிலையில் நின்றுவிட்டால் பழுது பார்ப்பு கட்டாயம். திருகை இழுத்து முள்ளைத் திருப்பும்போது வழுக்காமலும் இறுக்காமலும் வர வேண்டும். நடு இரவைத் தாண்டி முள்ளைக் கொண்டுபோய்த் தேதி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. முள் இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் நிற்கும்போது தேதியை மட்டும் தனியாக மாற்றும் திருகைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும். வற்புறுத்தினால் உடையும்.

கூட்டின் விளிம்புகளையும் கவனிக்க வேண்டும். கூர்மையாக இருக்க வேண்டிய ஓரங்கள் சோப்புக்கட்டி போல் மழுங்கியிருந்தால், பலமுறை மெருகேற்றித் தேய்த்திருக்கிறார்கள். தேய்ந்த உலோகம் திரும்பி வராது. கீறலுள்ள அசல் கூடு, பளபளக்கும் மழுங்கிய கூட்டைவிட மேலானது.

ஈரமும் ரேடியமும்

கிந்தா வட்டாரத்தின் மழையும் புழுக்கமும் பழைய கடிகாரத்திற்குப் பகை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மூடியில் எழுதியிருந்தாலும், உள்ளே இருந்த இரப்பர் வளையம் பல்லாண்டுகளில் இறுகி வெடித்திருக்கும். ஆகவே பழைய கடிகாரம் எதையும் கட்டிக்கொண்டு குளிக்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது. கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தது போல் தெரிந்தால் அதே நாளில் கடிகாரக்காரரிடம் கொண்டுபோக வேண்டும். தள்ளிப்போட்டால் துரு பிடித்துவிடும். வைக்கும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது. தோல் வார் நம் வேர்வையில் விரைவில் கெட்டுப்போகும். துணி வாரோ எஃகுச் செயினோ நம் நாட்டுக்குப் பொருத்தம்.

இருட்டில் ஒளிரும் பழைய கடிகாரங்களில் மற்றொரு கவனமும் தேவை. 1960-கள் வரை முள்ளிலும் எண்ணிலும் பூசிய ஒளிப்பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் பயன்பட்டது. அமெரிக்காவில் அந்தப் பூச்சைத் தூரிகையால் தீட்டிய இளம் பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோயுற்று இறந்தது 1920-களில் உலகை உலுக்கிய செய்தி. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். பூச்சு இன்று ஒளிராமல் இருப்பது அதன் துணைப் பொருள் செயலிழந்ததால்தான். கதிரியக்கம் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. மூடிய கடிகாரத்தை எப்போதாவது கட்டுவதில் பெரிய அபாயம் இல்லை. ஆனால் அதை வீட்டில் திறப்பதும், உதிரும் பூச்சைச் சுரண்டுவதும், அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் ஆபத்து. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. பின்னாளில் வந்த டிரிட்டியம் பூச்சு சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடுவது. அது பூசிய சுவிஸ் டயல்களின் அடியில் நாட்டின் பெயருக்கு இருபுறமும் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

விலையும் பழுதுச் செலவும்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கடிகாரத்தின் விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டு மறுபடி பூட்டும் வேலைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மலிவான கடிகாரத்துக்கும் விலையுயர்ந்த கடிகாரத்துக்கும் அந்த வேலை ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே சில சமயம் பழுதுக் கூலி கடிகாரத்தின் விலையைத் தாண்டிவிடும். ஒருவரிடம் 500 வெள்ளி இருக்கிறது என்றால், 300 வெள்ளிக்குள் வாங்கி, மீதியைப் பழுதுக்கு ஒதுக்குவது அறிவுடைமை. "அண்மையில்தான் சர்வீஸ் செய்தது" என்று விற்பவர் சொன்னால் ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் சர்வீஸ் செய்யவில்லை என்றே கணக்கிட்டு விலை பேச வேண்டும்.

அதைவிட முக்கியம், கடிகாரக்காரரை முதலில் தேடுவது. பழைய இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்த முதியவர்கள் ஈப்போ பழைய நகரப் பகுதிகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பேட்டரி மாற்றுகிற எல்லாருக்கும் சுருள்வில் தெரியும் என்று சொல்ல முடியாது. நல்ல கடிகாரக்காரர் ஒருவரை அறிமுகம் செய்துகொண்டு, அவரால் எதைப் பழுது பார்க்க முடியும், எதற்கு உதிரிப் பாகம் கிடைக்கும் என்று கேட்ட பிறகு வாங்கப் போவதே சரியான வரிசை.

முதலீடாக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 முதல் 2022 தொடக்கம் வரை பெரிய பெயர் கொண்ட கடிகாரங்களின் கைமாற்று விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. அதன் பிறகு இறங்கியது. உச்சத்தில் கடன் பட்டு வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். வீட்டுச் செலவுக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடக் கூடாது.

எங்கே வாங்குவது?

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழம்பொருள் கடைகள் விரிக்கும் 'மெமரி லேன்' சந்தை பலருக்கும் தெரிந்தது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையும் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. சந்தையின் நன்மை, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது. தீமை, அடுத்த வாரம் அதே ஆள் அங்கே இருப்பார் என்ற உறுதி இல்லை என்பது. முதல் சில வாரங்கள் வாங்காமல் பார்த்து மட்டும் வருவது நல்ல பயிற்சி.

கடை வைத்திருப்பவரிடம் வாங்கினால் விலை கூடலாம், ஆனால் கேட்க ஓர் இடம் இருக்கும். வியாபாரியிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை அணுகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் கையில் ரசீது வேண்டும். அந்த ரசீதில் 'பழைய கடிகாரம் ஒன்று' என்று எழுதினால் போதாது. நிறுவனப் பெயர், இயந்திர எண், வரிசை எண், டயல் அசலா என்பது வரை எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரின் தயக்கமே பதில்.

இணையத்தில் வாங்குபவர் பின்மூடி, உள் இயந்திரம், டயலின் அடி விளிம்பு ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேட்க வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு ஒரு நல்ல கடிகாரம் வருகிறது என்றால், அது போலியாக இருக்கலாம், திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டப்படி குற்றம்.

வீட்டிலிருக்கும் கடிகாரம்

வெளியே தேடும் முன் வீட்டில் தேட வேண்டும் என்பது இந்த உரையின் முக்கியமான கருத்து. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போன காலத்தில் நம் குடும்பங்கள் லயங்களைக் காலி செய்துகொண்டு பட்டணத்துக்கு வந்தன. அந்த இடமாற்றத்தில் எத்தனையோ பொருள்கள் தொலைந்தன. எஞ்சியிருப்பவை அலமாரி மூலையில் நின்றுபோன கடிகாரமாகக் கிடக்கலாம். பழைய சாமான் வாங்க வருபவரிடம் அதைப் பத்து இருபது வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு, அதே போன்றதைச் சந்தையில் முந்நூறு வெள்ளிக்கு வாங்குவது நடக்கக்கூடிய ஒன்றுதான்.

தாத்தாவின் கடிகாரம் சந்தையில் விலை போகாத ஒன்றாகவும் இருக்கலாம். அதனால் என்ன? அதை யார் வாங்கினார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் என்ன வேலை பார்த்த காலத்தில், யார் கொடுத்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தோடு வைக்க வேண்டும். அவர் அதைக் கட்டியிருக்கும் பழைய புகைப்படம் கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். பால் நியூமனின் கடிகாரத்துக்கு விலை கொடுத்ததும் இதே போன்ற சான்றுதான். நம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் மிகக் குறைவு. ஒரு கடிகாரத்தோடு இணைந்த அரைப் பக்கக் குறிப்பும் ஒரு பதிவே.

முதல் ஆண்டுக்குச் சில விதிகள்

தொடக்கக்காரர் முதல் ஆண்டில் மூன்று கடிகாரங்களுக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தை எடுத்துக்கொண்டு அதன் எண்களையும் டயல்களையும் நன்றாகப் படிப்பது, பத்து நிறுவனங்களை மேலோட்டமாக அறிவதைவிடப் பயன் தரும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேட்டில் தேதி, விலை, எண்கள், பழுது விவரம் எழுத வேண்டும். பிடித்த கடிகாரத்தைக் கண்டதும் உடனே பணத்தை எடுக்காமல் ஓர் இரவு பொறுக்க வேண்டும். "இப்போது விட்டால் கிடைக்காது" என்று அவசரப்படுத்துகிறவர் தம் பொருளை விற்கிறாரே தவிர வாங்குபவரின் நலனைப் பார்க்கவில்லை. சைக்கோ மட்டுமே இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட பொருள். இன்று கை நழுவினால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று கண்ணில் படும். கடிகாரம் வாங்க வருபவருக்கு நேரம் ஒரு குறை அல்ல, அதுவே அவருடைய பலம்.